பாட்களும் நேர்மையான ஆட்டக்காரரும்: இணைய விளையாட்டில் ஏமாற்றின் செலவு யார் தலையில் விழுகிறது?

2007-ஆம் ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து இயங்கும் ஜாகெக்ஸ் நிறுவனம் தன்னுடைய ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஒரு பெரிய கதவை அடைத்தது. வைல்டர்னஸ் என்ற பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கி வீழ்த்தி, தோற்றவரின் பொருள்களை எடுத்துக்கொள்ளும் வழக்கம் தொடக்க காலம் முதல் இருந்து வந்தது, அது நீக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில், 2008 ஜனவரித் தொடக்கத்தில், மதிப்பில் பெரிய வேறுபாடுள்ள பொருள்களை இருவர் கைமாற்றிக்கொள்வதும் தடுக்கப்பட்டது. நண்பருக்கு ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுக்க முடியவில்லை. மூத்த ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குத் தரும் பரிசுகளும், தங்களுக்குள் கொடுத்து வாங்கும் கடனும், கூடி நடத்தும் குலுக்கல்களும் நின்றுபோயின. விளையாட்டுக்கு உள்ளேயே ஆட்டக்காரர்கள் திரண்டு கண்டனம் தெரிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். மனிதக் கை படாமல் இரவும் பகலும் விளையாடிக்கொண்டிருந்த பாட் நிரல்களையும், அவை சேர்த்த தங்கத்தை உண்மைப் பணத்துக்கு விற்றுவந்தவர்களையும் நிறுத்துவதற்காக வந்த தடை அது.

பாட்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு நிரலாளர் கூட்டங்களுக்கு இடையிலான போட்டியாகவே சொல்லப்படுகிறது: ஒரு தரப்பு பூட்டு செய்கிறது, மறு தரப்பு அதைத் திறக்கிறது. இது தவறான சித்திரம் அல்ல என்றாலும், முக்கியமான ஒன்றை இது மறைத்துவிடுகிறது. பாட் என்பது அடிப்படையில் ஒரு வரவு செலவு விவகாரம். ஒரு பயனர் கணக்கைத் தொடங்க எவ்வளவு ஆகும், அது பிடிபட்டு முடக்கப்பட்டால் எவ்வளவு நட்டம், முடக்கப்படுவதற்குள் அது எவ்வளவு ஈட்டித்தரும் என்ற மூன்றையும் பொறுத்தே பாட்டின் பெருக்கம் அமைகிறது. அந்த நட்டத்தை உயர்த்துவதற்காக நிறுவனங்கள் எடுக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு நடவடிக்கையும், பாட் இயக்குபவரைத் தொடுவதற்கு முன்னால் நேர்மையாக விளையாடுபவரைத் தொட்டுவிடுகிறது என்பதே கடந்த இருபது ஆண்டுகளின் அனுபவம் காட்டுவது.

முதலில், இந்த நிரல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் ஆள் குறையும்போது நிறுவனமே களத்தில் இறக்கும் கணினி எதிரிகளைப் பற்றி இங்கே பேசவில்லை. விதியை மீறி ஆட்டக்காரரின் இடத்தில் அமர்ந்து விளையாடும் நிரல்களைப் பற்றியே பேசுகிறோம். இவற்றில் எளியவை திரையைப் பார்த்து இயங்குபவை: குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நிறம் தெரிந்தால் அங்கே மரம் இருக்கிறது என்று கொண்டு, மவுஸை நகர்த்திச் சொடுக்கும். அடுத்த வகை விளையாட்டு மென்பொருளின் நினைவகத்துக்குள் நுழைந்து, எதிரி நிற்கும் இடம், மீதமுள்ள உயிர், பையிலுள்ள பொருள்கள் ஆகியவற்றை எண்களாகவே படித்துக்கொள்ளும். அதற்குத் திரையில் படம் தெரிய வேண்டிய தேவைகூட இல்லை. இன்னொரு வகை விளையாட்டு மென்பொருளையே விட்டுவிட்டு, சர்வருடன் அது பேசும் முறையை அப்படியே கற்றுக்கொண்டு நேரடியாகப் பேசும். படம் வரையும் வேலை இல்லாததால் இப்படிப்பட்ட பாட்கள் பலவற்றை ஒரே கணினியில் ஓட்டலாம்.

இவை அனைத்துக்கும் இடம்கொடுப்பது இணைய விளையாட்டின் அமைப்பேதான். சுவருக்குப் பின்னாலிருந்து எதிரி வெளிப்படும் கணத்தில் அவரைத் தாமதமின்றித் திரையில் வரைய வேண்டுமானால், அவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சற்று முன்னதாகவே சர்வர் ஆட்டக்காரரின் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணினி ஆட்டக்காரருக்குச் சொந்தமானது, அதில் என்ன ஓட வேண்டும் என்பதை முடிவு செய்பவரும் அவரே. தரவுகளில் தாமதம் கூடாது என்று கேட்கிற விளையாட்டு, அதே தரவுகளை ஏமாற்றுபவரிடமும் ஒப்படைத்துவிடுகிறது.

மீண்டும் ரூன்ஸ்கேப்புக்கு வருவோம், ஏனெனில் பாட்களின் முழு வரலாறும் அந்த ஒரே விளையாட்டில் நடந்து முடிந்திருக்கிறது. 2001 ஜனவரியில் வெளிவந்த இந்த விளையாட்டின் மையம் உழைப்பு: மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், தாது தோண்டுதல், எலும்புகளைப் புதைத்தல். ஒரு திறனில் உச்ச நிலையை அடைய ஒரே செயலைப் பல்லாயிரம் முறை செய்ய வேண்டும். சலிப்பூட்டும் உழைப்பும் விற்கத்தக்க விளைபொருளும் சேர்ந்திருக்கும் இடத்தில் இயந்திரம் வந்துசேர்வதில் வியப்பில்லை. தொடக்க காலத்திலேயே ஜாகெக்ஸ் அதைத் தடுக்க முயன்றது. 2002-இல் களைப்பு என்ற அளவுகோல் சேர்க்கப்பட்டது. அது நிரம்பிவிட்டால் எவ்வளவு உழைத்தாலும் அனுபவப் புள்ளி ஏறாது. படுக்கையிலோ உறக்கப்பையிலோ உறங்கி, திரையில் சிதைந்த வடிவில் தோன்றும் சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் விழிக்க முடியும். பின்னர், வேலை செய்துகொண்டிருப்பவர் முன்னால் திடீரென ஒருவர் தோன்றிப் புதிர் போடுவதும், ஆட்டக்காரரைத் தூக்கிச்சென்று ஒரு சிக்கல் வழிக்குள் விடுவதும் போன்ற எதிர்பாரா நிகழ்வுகள் வந்தன.

இந்த நிகழ்வுகளின் கதி கவனிக்கத்தக்கது. பாட் எழுதுபவர்கள் ஒவ்வொரு புதிருக்கும் விடை காணும் பகுதியைத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதிய தீர்வு எல்லா பாட்களுக்கும் போய்ச்சேர்ந்தது. மனித ஆட்டக்காரரோ ஒவ்வொரு முறையும் தானே அந்தப் புதிரைத் தீர்க்க வேண்டியிருந்தது. கண் சற்று விலகியிருந்தால் கையிலிருந்த பொருளையோ உயிரையோ இழந்தார். பாட்களைப் பிடிக்க வைத்த பொறியில் மனிதர்கள் அதிகம் சிக்கினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின், 2013-இல் தனியாகத் திரும்ப வந்த பழைய ரூன்ஸ்கேப்பில் இந்த நிகழ்வுகளைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மாற்றப்பட்டபோது, அவற்றின் நோக்கம் எப்போதோ தோற்றுப்போயிருந்தது.

2007-இன் கடுமையான முடிவுக்குத் தூண்டுதல் வெறும் நியாய உணர்ச்சி மட்டுமல்ல. தங்க வியாபாரிகள் திருடப்பட்ட கடன் அட்டைகளைக் கொண்டு பாட்களுக்கு உறுப்பினர் கட்டணம் செலுத்திவந்தார்கள். அட்டையின் உண்மையான உரிமையாளர் புகார் செய்ததும் வங்கி அந்தப் பணத்தை நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். இது பெருகினால் அட்டை வழியாகப் பணம் பெறும் வசதியையே நிறுவனம் இழக்க நேரிடும். பிழைப்பைக் காக்கவே ஜாகெக்ஸ் தன் ஆட்டக்காரர்களின் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் அந்த விலையைச் செலுத்தியவர்கள் ஆட்டக்காரர்கள்தான்.

தடை மூன்று ஆண்டுகள் நீடித்தது. 2010 டிசம்பரின் பிற்பகுதியில் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நிறுவனம் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 12 லட்சம் வாக்குகளில் 91 விழுக்காடு ஆதரவாக விழுந்தன. 2011 பிப்ரவரி 1 அன்று வைல்டர்னஸும் தடையற்ற கைமாற்றும் திரும்பின. கூடவே பாட்களும் திரும்பின, முன்னைவிடப் பன்மடங்காக. மீன்பிடிக்கும் கரைகளிலும் மரத்தோப்புகளிலும் பொருளற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்ட உருவங்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் அசைந்தன. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று, பாட்கள் விளையாட்டு மென்பொருளின் உள்ளமைப்பைப் படித்துக்கொண்டிருந்த வழியை உடைக்கும் ஒரு பெரிய மாற்றத்தை நிறுவனம் வெளியிட்டது. முதல் நாளிலேயே 15 லட்சம் பாட் கணக்குகளை முடக்கியதாக அறிவித்தது. அதன்பின் நெரிசல் வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் நினைவகத்தைத் தொடாமல் திரையின் நிறங்களை மட்டும் பார்த்து இயங்கிய பழைய வகை பாட்களை அந்த மாற்றம் தொடவில்லை. மற்றவர்கள் புதிய வழிகளைத் தேடத் தொடங்கினார்கள்.

2013-இல் ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ நான்கரை லட்சம் வாக்குகள் அளித்து, விளையாட்டின் பழைய வடிவத்தைத் தனியாகத் திரும்பக் கொண்டுவரச் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 2007 ஆகஸ்ட் மாதத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்த பிரதி, அதாவது தடைகளுக்கு முந்தைய உலகம். 2012-இல் சண்டை முறை மாற்றப்பட்டதுதான் இந்தக் கோரிக்கைக்கு உடனடிக் காரணம் என்பதால், இதை முழுக்க பாட் தடைக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்ள முடியாது. எனினும், சுதந்திரமான கைமாற்று உள்ள உலகத்தை, அதில் பாட்களும் வரும் என்று தெரிந்தே, மக்கள் விரும்பினார்கள் என்பது தெளிவு. அதே ஆண்டில் ஜாகெக்ஸ் பாண்ட் என்ற பொருளை அறிமுகப்படுத்தியது: ஒருவர் அதை நிறுவனத்திடம் உண்மைப் பணம் கொடுத்து வாங்கி, விளையாட்டுக்குள் தங்கத்துக்கு விற்கலாம், வாங்கியவர் அதை உறுப்பினர் கட்டணமாகப் பயன்படுத்தலாம். தங்கம் வேண்டுபவர் கள்ள வியாபாரியிடம் போக வேண்டிய தேவையை இது குறைக்கிறது. பிளிஸார்ட் நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டு 2015-இல் கொண்டுவந்த டோக்கனும் இதே ஏற்பாடுதான். பூட்டுகளைவிட இது அறிவார்ந்த வழி என்று நான் கருதுகிறேன், ஏனெனில் இது பாட்டின் வரவில் கை வைக்கிறது. ஆயினும், உழைப்பால் மட்டுமே செல்வம் சேரும் என்ற விளையாட்டின் வாக்குறுதியை இதன் மூலம் நிறுவனமே தளர்த்திவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் வெனிசுலாவைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. அந்நாட்டின் நாணயம் மதிப்பிழந்து, மாதச் சம்பளம் சில டாலர்களாகச் சுருங்கிய காலத்தில், அங்கிருந்த பலர் பழைய ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்ததை விற்று உணவு வாங்கினார்கள். பாட் செய்யும் அதே வேலையை, அதே இடத்தில், அதே மணிக்கணக்கில் மனிதர்கள் செய்தார்கள். விதிப்படி உண்மைப் பணத்துக்கு விற்பது குற்றம்தான். ஆனால் 2017-இல் அவர்களைத் தேடிப்போய்க் கொல்வதற்கான வழிகாட்டிக் குறிப்புகளை எழுதி மகிழ்ந்த ஆட்டக்காரர்களும் இருந்தார்கள் என்பது, பாட் எதிர்ப்பு எவ்வளவு எளிதாக மனித வெறுப்பாக மாறக்கூடும் என்பதைக் காட்டியது. ஒரே செயலைச் சோர்வின்றித் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் பாட்டுக்கான அடையாளமாகக் கொண்டால், வறுமையில் உழைப்பவரும் அதே வலையில் விழுவார்.

சட்டத்தின் வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு கிளைடர் வழக்கு சான்று. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் தொடக்க நிலைகளைத் தானே விளையாடிக் கடக்கும் கிளைடர் என்ற நிரலை, எம்டிஒய் என்ற சிறு நிறுவனம் 2005-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிளிஸார்ட் நிறுவனம் அதே ஆண்டில் வார்டன் என்ற கண்காணிப்பு நிரலைச் சேர்த்ததும், அதன் கண்ணில் படாதவாறு கிளைடர் மாற்றப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 1,20,000 உரிமங்கள் விற்று, 35 லட்சம் டாலர் வசூலாயிற்று. மறுபுறம், பாட்களைப் பற்றி 4,65,000 புகார்கள் வந்ததாகவும், அவற்றைக் கையாள ஆண்டுக்கு 9,40,000 டாலர் செலவாவதாகவும் பிளிஸார்ட் கூறியது. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நுட்பமானது. பாட் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை மீறுவது ஒப்பந்த மீறலே தவிரப் பதிப்புரிமை மீறல் ஆகாது என்றது. அதே வேளையில், வார்டனைச் சுற்றிவரும் கருவியை விற்றது மின்னணுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ்த் தவறு என்றது. விற்பனை நின்றது. ஆனால் வழக்குத் தொடர்வதற்குப் பெயரும் முகவரியும் வசூலும் உள்ள ஒரு விற்பனையாளர் வேண்டும். இலவசமாகப் பகிரப்படும் நிரலுக்கு எதிராக இந்த வழி அவ்வளவாகப் பயன்படாது.

டீம் ஃபோர்ட்ரெஸ் 2-இல் நடந்தது அதுதான். வால்வ் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட இந்தக் குழுச் சண்டை விளையாட்டு 2011-இல் இலவசமாயிற்று. புதிய கணக்குக்கு ஒரு பைசாவும் ஆகாது என்பதால், ஒன்று முடக்கப்பட்டால் அடுத்தது சில நிமிடங்களில் தயார். ஏறத்தாழ 2019-2020 முதல், லினக்ஸில் இயங்கும் திறந்த மூல ஏமாற்று நிரல்களைக் கொண்டு, மனிதர் யாரும் அமராத ஸ்னைப்பர் (தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்) பாட்கள் அதன் பொது ஆட்டங்களை நிரப்பத் தொடங்கின. ஸ்னைப்பரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தலையில் படும் ஒரு குண்டு 150 புள்ளி சேதம் விளைவிக்கும். ஒன்பது வகை வீரர்களில் ஐந்து வகையினர் அந்த ஒரே குண்டில் விழுவார்கள். மற்ற வகைகளில் தேவைப்படும் நகர்வு, திட்டம், கூட்டு முயற்சி எதுவும் இங்கே வேண்டாம். இயந்திரத்துக்கு எளிதாக வரும் குறி பார்த்தல் ஒன்றே போதும்.

இந்த பாட்கள் தங்கம் சேர்க்கவில்லை, எதையும் விற்கவில்லை. ஆட்டத்தைக் கெடுப்பதே பலவற்றின் நோக்கமாக இருந்தது. ஒரே அணியில் மூன்று நான்கு பாட்கள் சேர்ந்துகொண்டு, ஆட்டக்காரரை வெளியேற்றும் வாக்கெடுப்பை மனிதர்களுக்கு எதிராகவே திருப்பின. மனிதரின் பெயரை அப்படியே போட்டுக்கொண்டு, யாரை வெளியேற்றுவது என்று மற்றவர்களைக் குழப்பின. எழுத்து அரட்டையைக் குப்பையால் நிரப்பின. குரல் வழியே காதைத் துளைக்கும் ஒலியைப் பாய்ச்சின. இதற்கு வால்வ் எடுத்த முதல் பெரிய நடவடிக்கைகளில் ஒன்று, பணம் செலுத்தாத புதிய கணக்குகள் எழுத்திலோ குரலிலோ பேசுவதைத் தடுத்தது. பாட்களின் வாய் அடைக்கப்பட்டது. ஆனால் அவை பேசாமலேயே சுட முடியும். முதல் முறை வந்த பதின்மூன்று வயதுச் சிறுவன்தான் தன் குழுவிடம் உதவி கேட்க வழியின்றி நின்றான், அதுவும் பேச்சே பாதி இன்பமாக இருந்த ஒரு விளையாட்டில். இதை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமே மிஞ்சுகிறது.

2022 மே மாதம் ஆட்டக்காரர்கள் சேவ் டிஎஃப்2 (டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ஐக் காப்பாற்றுங்கள்) என்ற முழக்கத்துடன் சமூக ஊடகங்களில் ஒன்றுதிரண்டார்கள். சிக்கல் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதை உணர்ந்திருப்பதாக வால்வ் பதில் தந்தது. சில திருத்தங்கள் வந்தன, பாட்களும் தொடர்ந்தன. 2024 ஜூனில் ஃபிக்ஸ் டிஎஃப்2 என்ற பெயரில் இரண்டாம் முறை திரண்டபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த மாத இறுதியில் பெருந்தொகையான பாட் கணக்குகள் முடக்கப்பட்டு, பொது ஆட்டங்கள் பல ஆண்டுகளுக்குப் பின் மனிதர்களிடம் திரும்பின. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த விளையாட்டைக் காப்பாற்றியவை, ஆர்வலர்கள் சொந்தச் செலவில் நடத்திய சர்வர்கள். அங்கே பெயர் தெரிந்த நிர்வாகிகள் இருந்தார்கள். பாட் நுழைந்தால் யாரேனும் பார்த்து உடனே வெளியேற்றினார்கள். பெருநிறுவனத்தின் தானியங்கிக் கருவிகளுக்கு இயலாததை விழித்திருந்த சில மனிதர்கள் செய்தார்கள்.

பாட் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்க, நிறுவனம் ஏன் உடனே முடக்குவதில்லை என்ற கேள்வி நியாயமானது. பிடிபட்ட நொடியிலேயே முடக்கினால், நிரலின் எந்தப் பகுதி தன்னைக் காட்டிக்கொடுத்தது என்பதை எழுதியவர் எளிதில் கண்டறிந்துவிடுவார். ஆகவே பல வாரங்கள் அமைதியாகப் பதிவு செய்துகொண்டு, ஒரே நாளில் அலையாக முடக்குகிறார்கள். இதில் தொழில்நுட்ப நியாயம் உண்டு. ஆனால் அந்த வாரங்கள் முழுவதும் பாட்டிடம் தோற்றுக்கொண்டே இருப்பவர், புகார்கள் குப்பைக்குப் போகின்றன என்றே எண்ணுவார்.

மனிதக் கண்ணும் எப்போதும் நம்பத்தக்கதல்ல. கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில், சந்தேகத்துக்குரிய ஆட்டங்களின் பதிவுகளை அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே பார்த்துத் தீர்ப்பளிக்கும் முறை ஒன்று இருந்தது. வால்வின் பொறியாளர் 2018-இல் அளித்த விளக்கத்தின்படி, ஆட்டக்காரர்களின் புகாரால் அங்கே வந்த வழக்குகளில் 15 முதல் 30 விழுக்காடுதான் குற்றம் உறுதியானது. குறி நகரும் விதத்தைப் பயின்ற இயந்திரக் கற்றல் முறை அனுப்பிய வழக்குகளில் 80 முதல் 95 விழுக்காடு வரை உறுதியானது. அதாவது, ஏமாற்றுகிறார் என்று நாம் கோபத்தோடு சுட்டிக்காட்டியவர்களில் பெரும்பாலோர் மீது குற்றம் நிரூபணமாகவில்லை. பாட்கள் விளைவிக்கும் ஆழமான கேடு இதுவே என்று நான் நினைக்கிறேன்: திறமையாக ஆடும் மனிதரைக் கண்டு வியப்பதற்குப் பதிலாக, முதலில் சந்தேகப்பட நம்மைப் பழக்கிவிட்டன.

இன்று பல நிறுவனங்கள் இயங்குதளத்தின் கருவறை வரை சென்று காவல் வைக்கின்றன. ரயட் நிறுவனம் 2020-இல் வேலரன்ட் விளையாட்டுடன் கொண்டுவந்த வான்கார்டு என்ற காவல் நிரல், விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே, விண்டோஸ் தொடங்கும்போதே விழித்துக்கொண்டு, கணினியின் மிக உயர்ந்த உரிமையோடு இயங்குகிறது. 2024-இல் அது அந்நிறுவனத்தின் மற்றொரு விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் விரிவாக்கப்பட்டது; விற்பனைக்காக பாட்கள் வளர்க்கும் கணக்குகளைத் தடுப்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதுவரை லினக்ஸில் சொந்த முயற்சியால் அந்த விளையாட்டை ஓட்டிவந்தவர்கள் அன்றோடு வெளியே நின்றார்கள். மற்றவர்கள் தங்கள் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில், ஒரு விளையாட்டு நிறுவனத்தின் நிரலுக்கு முழு அதிகாரம் அளிக்க ஒப்புக்கொண்டார்கள்.

ஏமாற்றுபவர்களோ ஏற்கெனவே அந்தக் கணினிக்கு வெளியே போய்விட்டார்கள். கணினியின் நினைவகத்தை ஒரு வன்பொருள் அட்டை வழியாக இரண்டாவது கணினி படிக்கிறது. அல்லது திரைக்குச் செல்லும் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மவுஸ்போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும் கருவி மூலம் விடையனுப்புகிறது. இரண்டாம் முறையில் விளையாடும் கணினியில் தேடிப்பிடிக்க எந்த நிரலும் இருக்காது, எவ்வளவு உயர்ந்த உரிமை பெற்ற காவலருக்கும் அங்கே வேலை இல்லை. மிஞ்சுவது சர்வரில் பதியும் நடத்தையும், ஒரு கணக்கை இழப்பதால் வரும் நட்டமும்தான். அந்த நட்டத்தைப் பணத்தால் உயர்த்தினால் ஏழைச் சிறுவர்கள் வெளியேறுவார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் ஒரு காலத்தில் செய்ததுபோலத் தொலைபேசி எண்ணால் உயர்த்தினால் அந்தரங்கம் குறையும். பல வாரங்கள் விளையாடிச் சேர்த்த நற்பெயரால் உயர்த்தினால் புதியவர்கள் அதுவரை பாட்கள் நிறைந்த கீழ் அடுக்கில் தவிப்பார்கள். இவற்றுள் எதைத் தேர்வது என்பதை இன்றுவரை நிறுவனங்கள் பெரும்பாலும் தாங்களாகவே முடிவு செய்து அறிவிக்கின்றன. 2010-இன் இறுதியில் ரூன்ஸ்கேப்பில் நடந்ததுபோல, செலவை ஏற்கப்போகிறவர்களிடமே கேட்டு முடிவெடுத்த நிகழ்வுகள் மிகக் குறைவு.